பள்ளிப் பிணைப்பும் இளையோர் குற்றமும்

பள்ளிப் பிணைப்பு: பதின்பருவத்தினர் தம் பள்ளியின்மீதும் ஆசிரியர்மீதும் கொள்ளும் பற்று. இளையோர் குற்ற நடத்தையை விளக்கும் சமூகப் பிணைப்புக் கோட்பாட்டின் ஒரு கூறு. அமெரிக்கச் சமூகவியலாளர் டிராவிஸ் ஹர்ஷி (1935–2017) 1969இல் வெளியிட்ட நூலில் இக்கோட்பாட்டை வகுத்தார். மனிதர் ஏன் குற்றம் செய்கின்றனர் என்பதைவிட, ஏன் செய்யாதிருக்கின்றனர் என்பதே அவர் எழுப்பிய வினா. பற்று, எதிர்கால நாட்டம், செயல் ஈடுபாடு, நெறி நம்பிக்கை ஆகிய நான்கும் ஒருவரைச் சமூகத்தோடு பிணைக்கின்றன என்றார்.

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் பகுதியில் 1960களின் நடுவில் திரட்டப்பட்ட மாணவர் தரவுகளே அவரது ஆய்வின் அடிப்படை. அதிலிருந்து அவர் வகுத்த காரணத் தொடர் இது: படிப்புத்திறன் குறைவதால் மதிப்பெண் சரிகிறது. அதனால் பள்ளி கசக்கிறது. பின்னர் ஆசிரியரின் அதிகாரம் மறுக்கப்பட்டு, குற்றத்துக்கு வழி திறக்கிறது. ஆசிரியர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைப் பொருட்படுத்தாத மாணவரிடையே குற்றம் மிகுந்திருந்தது. செயல் ஈடுபாடு மட்டும் அவர் எதிர்பார்த்த அளவு தடையாக அமையவில்லை.

காரணமும் விளைவும் எத்திசையில் செல்கின்றன என்பதே முதன்மையான விவாதம். ஆலன் லிஸ்கா, மார்க் ரீட் ஆகியோரின் 1985ஆம் ஆண்டு ஆய்வு, குற்ற நடத்தையே பள்ளிப் பற்றைக் குறைப்பதாகக் காட்டியது. மறுபுறம், சியாட்டிலில் 1980களில் தொடங்கிய தொடராய்வு, தொடக்கப்பள்ளியிலேயே ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பயிற்சியளித்துப் பிணைப்பை வளர்த்தது. அக்குழந்தைகளிடம் 18 வயதில் வன்முறைச் செயல்கள் குறைவாக இருந்தன.