சபாத் பானையில் பன்றித்தொடை

அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆகிய திருநாள்களில் விருந்து மேசையின் நடுவிடம் பெரும்பாலும் ஹாமுக்கு உரியது. உப்பும் புகையும் ஏற்றிப் பதப்படுத்திய பன்றியின் பின்தொடைதான் ஹாம். அதன்மீது பழுப்புச் சர்க்கரை, தேன், கடுகு விழுது கலந்த பூச்சைத் தடவி, அது கண்ணாடிபோல் மின்னும்வரை சூடேற்றுவார்கள். திருநாளன்று ஓவனில் இடமிருக்காது. வேறு பண்டங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே பல வீடுகளில் ஹாம் ஸ்லோ குக்கருக்குள் இறக்கப்பட்டு, மூடி போடப்பட்டு, நாலைந்து மணிநேரம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. இதில் வியக்க ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் பன்றி இறைச்சியைத் தீண்டாத ஒரு சமூகத்தின் ஓய்வுநாள் சட்டத்திலிருந்து பிறந்த பானை அது. அந்தப் பானைக்குள் பன்றித்தொடை வந்து சேர்ந்த வழியைத்தான் இங்கே நாம் பின்தொடரப் போகிறோம்.

ஓய்வுநாளில் வாசஸ்தலங்களில் நெருப்பு மூட்டலாகாது என்பது யாத்திராகமம் 35ஆம் அதிகாரத்தில் வரும் கட்டளை. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு கவியும்வரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது. இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் அந்த நாள் இருட்டும் ஆறிய சோறுமாகத்தான் கழியும். கரையீட்டுகள் என்ற பிரிவினர் ஏறத்தாழ அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ரபிகளின் வாசிப்பு வேறு: புதிதாக மூட்டக் கூடாது, அவ்வளவே, முன்பே மூட்டியது தானாக எரிந்துகொண்டிருக்கலாம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் 'சபாத்' பகுதியில், வெள்ளிக்கிழமை இறக்கிய சூடான பானையை எதைக்கொண்டு பொதிந்து வைக்கலாம் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. சாணம், உப்பு, சுண்ணாம்பு, மணல் ஆகியவை வெப்பத்தைக் கூட்டும், எனவே ஆகாது. துணி, தானியம், பறவைச் சிறகு, மரத்தூள் ஆகியவை இருக்கும் வெப்பத்தைக் காக்க மட்டுமே செய்யும், எனவே ஆகும். வெப்பவியல் என்று ஒரு துறை பிறப்பதற்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பு நடந்த விவாதம் இது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

சூடான உணவு வெறும் சலுகையாக நின்றுவிடவில்லை. நாளடைவில் அடையாளமாகவே ஆயிற்று. 12ஆம் நூற்றாண்டின் செரஹியா ஹலேவி என்ற அறிஞர், ஓய்வுநாளில் சூடான உணவு உண்ணாதவன்மீது மதவிரோதியோ என்ற ஐயம் எழும் என்று சொல்லுமளவுக்குப் போனார். இப்படிப் பிறந்ததுதான் இரவெல்லாம் வேகும் கூட்டுணவு. ஜெர்மானிய, போலந்து, லித்துவேனிய யூதர்களிடம் அதன் பெயர் சோலண்ட். மொச்சை இனத்துப் பயறுகள், பார்லி, வெங்காயம், மாட்டிறைச்சி, கொழுப்பு. பிற்காலத்தில் உருளைக்கிழங்கும் சேர்ந்துகொண்டது. வெள்ளி மாலை ஒவ்வொரு வீட்டுப் பானையும் ஊர் ரொட்டிக்கடைக்குப் போகும். அன்றைய ரொட்டி சுட்டு முடித்த சூளை இன்னும் கனன்றுகொண்டிருக்கும். பானைகளை உள்ளே வைத்து வாயை அடைத்துவிட்டால், மறுநாள் தொழுகை முடிந்து வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த உணவு வேறொரு வழியிலும் அறிமுகமாகியிருக்கக்கூடும். 1851இல் வெளியான ஹைன்ரிஷ் ஹைனேயின் 'ரொமான்ஸெரோ' தொகுப்பில் 'இளவரசி சபாத்' என்றொரு கவிதை உண்டு. வாரமெல்லாம் நாயாக அலையும் ஒருவன் வெள்ளி மாலை இளவரசனாக மாறுகிறான். அங்கே ஹைனே, ஷில்லர் மகிழ்ச்சியைப் போற்றிப் பாடிய புகழ்பெற்ற பாடலின் தொனியை அப்படியே எடுத்து, மகிழ்ச்சி இருந்த இடத்தில் ஷாலெட்டை, அதாவது சோலண்டை, வைத்துப் பாடுகிறார். 1825இல் ஞானஸ்நானம் பெற்று கிறிஸ்தவரானவர், நோய்ப்படுக்கையில் கிடந்த கடைசி ஆண்டுகளில் எழுதியது இது. கேலி என்று மட்டும் அதைப் படிக்க நம்மால் முடியவில்லை.

ஸ்பெயினில் இதே பானைக்கு அடஃபினா என்று பெயர். 'புதைத்தது' என்ற பொருளுடைய அரபுச் சொல்லின் வழி வந்தது. தணலுக்குள் புதைத்து வைப்பதால். 1391இல் யூதக் குடியிருப்புகள்மீது நடந்த படுகொலைகளை அடுத்துப் பெருந்தொகையினர் மதம் மாறினர். 1478இல் மத விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. 1492இல் மதம் மாறாதவர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள். எஞ்சிய புதுக் கிறிஸ்தவர்களின் மனத்துக்குள் எட்டிப்பார்க்க மன்றத்துக்கு வழியில்லை. ஆகவே அது அடுப்புக்குள் எட்டிப்பார்த்தது. வெள்ளிக்கிழமை சமைத்துச் சனிக்கிழமை உண்பதும் பன்றி இறைச்சியைத் தவிர்ப்பதும் குற்றத்தின் அடையாளங்கள். வேலைக்காரியும் பக்கத்து வீட்டுக்காரியும் சாட்சிகள். இந்தச் சூழலில்தான் பானைக்குள் பன்றிக்கொழுப்பும் தொத்திறைச்சியும் இறங்கின. இன்று ஸ்பெயினின் தேசிய உணவுகளில் ஒன்றாகப் பரிமாறப்படும் கொசிதோ, பன்றி சேர்ந்த அடஃபினாவின் வழித்தோன்றலே என்பது உணவு வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

'டான் குவிக்ஸாட்' முதல் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், கிடைத்த அரபுக் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் ஒரு குறிப்பு காணப்படுகிறது: லா மாஞ்சாவிலேயே பன்றிக்கு உப்புப்போடுவதில் துல்சினேயாவைப்போல் கைதேர்ந்த பெண் வேறு யாருமில்லையாம். டொபோசோ, இஸ்லாத்திலிருந்து மதம் மாற்றப்பட்ட மொரிஸ்கோக்கள் நிறைந்த ஊர். அந்த ஊர்ப்பெண்ணுக்கு இப்படியொரு நற்சான்று ஏன் தேவைப்படுகிறது என்பதை செர்வாண்டிஸ் காலத்து வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திராது. உப்பிட்ட பன்றி அந்நாட்டில் உணவாக மட்டும் இருக்கவில்லை. பிழைத்திருப்பதற்கான சான்றிதழாகவும் இருந்தது.

எனவே ஓய்வுநாள் பானைக்குள் பன்றி இறங்கியது அமெரிக்காவில் முதன்முறை அன்று. முதன்முறை அச்சத்தால் இறங்கியது. இரண்டாம் முறை நடந்தது வேறு.

1902இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் பிறந்த இர்விங் நாகும்சோன் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் தமாரா பிள்ளைகளுடன் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவுக்கும் பிறகு கனடாவின் வின்னிபெக்குக்கும் குடிபெயர்ந்தார். அஞ்சல்வழியில் மின்பொறியியல் படித்த இர்விங், சிகாகோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் முதல் யூதப் பொறியாளர் ஆனார். பின்னர் சொந்தமாகத் தொழில் தொடங்கி, ஏறத்தாழ 200 காப்புரிமைகளைப் பெற்றார். தமாராவின் பூர்வீகம் லித்துவேனியாவின் வில்னா. வெள்ளி மாலைகளில் தன் தாய் சோலண்ட் பானையைக் கையில் கொடுத்து ரொட்டிக்கடைக்கு அனுப்புவார் என்று தமாரா சொன்ன கதையே தந்தையின் கருவிக்கு வித்து என்று இர்விங்கின் மகள் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். சிகாகோவில் ஊர்ச்சூளை ஏது? சூளையை வீட்டுக்குள் சிறிதாக்கிக் கொண்டுவர வேண்டும்.

1936இல் விண்ணப்பித்து 1940 ஜனவரியில் அவர் பெற்ற காப்புரிமையின் சாரம் எளிது. உள்ளே ஒரு பானை, வெளியே ஓர் உறை, இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் மின்வெப்பக் கம்பி. அடியிலிருந்து எரிக்கும் அடுப்பில் குழம்பு அடிபிடிக்கும். இதிலோ வெப்பம் பக்கங்களிலிருந்து அணைத்துக்கொள்கிறது. ரொட்டிச்சூளைக்குள் பானை இருந்த நிலையை மின்சாரத்தில் மொழிபெயர்த்தது என்றே இதைச் சொல்லலாம். 1945இல், ஜெர்மானிய வாடை அடிக்கும் பெயர் வேண்டாமென்று, குடும்பம் தன் பெயரை நாக்ஸன் எனச் சுருக்கிக்கொண்டது. கருவியும் 1950களில் 'நாக்ஸன் பீனரி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது: அவரை வேகவைக்கும் பானை. சோலண்ட் என்ற சொல் விளம்பரத்தில் இல்லை. குடியேறியவர்களின் தொழில்களில் இது வழக்கமான காரியம்தான். பெயர் மாறும், பூர்வீகம் வீட்டுக்குள் தங்கிவிடும்.

1970இல் நாக்ஸன் தொழிலைக் கான்சாஸ் சிட்டியின் ரைவல் நிறுவனத்திடம் விற்றுவிட்டு ஓய்வுபெற்றார். ரைவல் அதற்குப் புது உருவமும் 'கிராக்பாட்' என்ற புதுப்பெயரும் கொடுத்து 1971இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவகாடோ பச்சை, அறுவடைப் பொன்னிறம் என்று அக்காலத்துச் சமையலறை வண்ணங்கள் வேறு. வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கை பெருகிய காலம். 1973இன் எண்ணெய் நெருக்கடி மின்கட்டணத்தை நினைவூட்டிய காலம். 1971இல் 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975இல் 9 கோடியே 30 லட்சம் டாலரை எட்டியது. அதே 1975இல் வந்த மேபல் ஹாஃப்மனின் ஸ்லோ குக்கர் சமையல் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. சட்டம் காரணமாக அடுப்பைத் தொடாதவர்களுக்கென்று உருவான முறை, நேரமின்மை காரணமாக அடுப்பைத் தொடாதவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அவரைப் பானைக்குள் மாட்டிறைச்சி வந்தது, கோழி வந்தது, ஹாமும் வந்தது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. வில்னா என்ற ஊரின் நினைவு வாங்கியவர்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

இனி பானைக்குள் இறங்கும் பண்டத்தைப் பற்றி. அதன் வயது பானையைவிடக் குறைவன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ, பன்றித்தொடைகளைச் சாடியில் உப்போடு அடுக்கி, பிறகு எண்ணெய் தடவிப் புகையில் தொங்கவிடும் முறையை எழுதிவைத்தார். அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் ஹாமை உலர்ந்த அத்திப்பழத்தோடும் பிரிஞ்சி போன்ற வாசனை இலையோடும் வேகவைத்து, தோலை நீக்கி, மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கீறல்களில் தேனை நிரப்பச் சொல்கிறது ஒரு குறிப்பு. இன்றைய அமெரிக்கச் சமையல்காரர் கத்தியால் போடும் கட்டக்கோடுகள் அதுவேதான். ஈஸ்டரோடு ஹாம் இணைந்ததற்கும் காரணம் பருவமே. இலையுதிர் காலத்தில் வெட்டி உப்பிட்ட இறைச்சி வசந்தத்தில்தான் பக்குவத்துக்கு வரும்.

ஆனால் ஸ்லோ குக்கரில் வைக்கப்படும் ஹாம் மாதக்கணக்கில் தொங்கியதன்று. 1925இல் அமெரிக்க அரசு நைட்ரைட்டை நேரடியாகப் பயன்படுத்த அனுமதித்தது. வெடியுப்பு மெல்ல மெல்லச் செய்த வேலையை அது விரைவில் செய்துமுடித்தது. உப்புநீரை ஊசிவழி ஏற்றி, புகையூட்டி, ஆலையிலேயே வேகவைத்து விற்கிறார்கள். இளஞ்சிவப்பு நிறம் நைட்ரைட் தரும் நிறம். வீட்டில் செய்ய வேண்டியது சூடாக்குவது மட்டுமே. ஹாமின்மேல் வட்டவட்டமாக அமரும் அன்னாசிகூட ஆலையின் கொடை. 1911இல் ஹவாயில் ஹென்றி ஜினாகா வடிவமைத்த இயந்திரம் அன்னாசியைத் தோல்நீக்கி உருளையாக்கத் தொடங்கிய பிறகு டப்பி அன்னாசி எங்கும் மலிந்தது.

இங்கே ஒரு சமையல் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்லோ குக்கரில் ஹாம் மிருதுவாகும். ஆனால் மெருகு ஏறாது. உள்ளே எப்போதும் ஈரம். வெப்பம் நீரின் கொதிநிலைக்குக் கீழேயே நிற்கும். சர்க்கரை கருகிப் பாகாவதற்கோ 160 டிகிரிக்கு மேல் வேண்டும். தடவிய பூச்சு வழிந்து அடியில் சாறோடு கலந்துவிடும். ஆகவே விவரமறிந்தவர்கள் கடைசியில் அந்தச் சாற்றை வடித்து, சர்க்கரையும் கடுகும் சேர்த்து அடுப்பில் சுண்டக்காய்ச்சி, ஹாமின்மேல் பூசிப் பத்து நிமிடம் சூடான ஓவனில் வைக்கிறார்கள். சோலண்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பதினைந்து பதினாறு மணிநேரம் கிடப்பதால் அது தாழ்ந்த வெப்பத்திலேயே ஆழ்ந்த பழுப்பேறுகிறது. உள்ளே வைத்த முட்டையின் வெண்கருகூடப் பழுப்பாகிவிடும். எங்கள் கணிப்பில், இந்தப் பானையின் முழுத் திறமையும் கேட்பது ஓர் இரவை. ஹாம் கொடுப்பது ஒரு பிற்பகலை.

தமாரா பானை சுமந்து சென்ற ஊருக்கு 'லித்துவேனியாவின் ஜெருசலேம்' என்று பெயர் இருந்தது. 1941 ஜூனில் ஜெர்மானியப் படை உள்ளே நுழைந்தது. நகருக்கு வெளியே பொனாரிக் காட்டில் அடுத்த மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 70,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1943 செப்டம்பரில் வில்னா கெட்டோ கலைக்கப்பட்டது. நாக்ஸன் காப்புரிமை பெற்றபோது அந்த ரொட்டிச்சூளைகளில் வெள்ளிதோறும் பானைகள் இருந்தன. அவரது பீனரி கடைகளுக்கு வந்தபோது பானைகளும் இல்லை, அவற்றைக் கொண்டுவருபவர்களும் இல்லை.

இன்று புரூக்ளினிலும் ஜெருசலேமிலும் ஆசாரமான யூத வீடுகளில் சோலண்ட் வேகுவது பெரும்பாலும் ஸ்லோ குக்கரில்தான். அங்கே ஒரு புதிய வழக்கும் எழுந்திருக்கிறது. பானையைச் சுற்றிலும் வெப்பம் அணைத்துக்கொள்வதால், அது மிஷ்னா விலக்கிய சாணத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஒப்பாகுமா என்று ரபிகள் விவாதிக்கிறார்கள். ஆகும் என்பது ஒரு சாரார் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைப் பின்பற்றுபவர்கள் அலுமினியத் தாளைக் கசக்கிச் சிறு உருண்டைகளாக்கி உள்பானையின் அடியில் வைக்கிறார்கள். பானை சற்றே மேலெழும்பி உறையைவிட்டு வெளியே தெரியும். அப்போது அது முழுதும் பொதிந்ததாகாது. வெள்ளி மாலை, விளக்கேற்றும் முன், கடைசியாகச் செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று.