எம்டன் விட்டுச் சென்ற அச்சம்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கண்டிப்பும் தந்திரமும் மிக்க ஒருவரைச் சுட்டி, 'அவர் சரியான எம்டன்' என்று பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். கடலைக் காணாத இந்த நெசவாளர் ஊருக்கு ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் எவ்வாறு வந்து சேர்ந்தது? அச்சம்தான் அதைச் சுமந்து வந்தது. அச்சொல் இன்று வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. அந்த அச்சம் அன்று சட்டமாக உருவெடுத்ததையோ நாம் மறந்தே போனோம்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, கார்ல் வான் முல்லர் தலைமையில் வந்த எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன, சிலர் உயிரிழந்தனர். மறுநாள் முதல் மக்கள் நகரை விட்டு வெளியேறலாயினர். நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை வீழ்த்தியது. கப்பல் அழிந்தது, அச்சம் அழியவில்லை.

அந்த அச்சம் முதலில் தொட்டது நம்மிடையே வாழ்ந்த ஜெர்மானியரை. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கித் தமிழ் பயின்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு ஒரு ஜெர்மானியர். அவர் தொடங்கிய பணியைப் பிற்காலத்தில் ஏற்று நடத்தியது லைப்சிக் மிஷன். அதன் பாதிரிமார் பள்ளிக்கூடங்களும் மாதாகோவில்களுமாக வாழ்ந்தவர்கள். ஆயினும் போர் மூண்டபின் அவர்கள் பகைவராகவே கருதப்பட்டனர். இந்தியாவிலிருந்த ஜெர்மானிய ஆடவர் பலர் அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டனர். 1915-16இல் பாதிரிமாரும் குடும்பத்தாரும் 'கோல்கொண்டா' என்னும் கப்பலில் ஏற்றித் தாய்நாட்டிற்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற பணியைச் சுவீடன் நாட்டவர் ஏற்றனர்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே குடியேறி வாழ்ந்த ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மானியத் தொழிலாளியை, 1918 ஏப்ரலில், இல்லினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில் நகரில் ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. குற்றம் சாட்டப்பட்டோர் அனைவரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது.

அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று நாம் கூறவில்லை. எம்டன் குண்டு வீசியது உண்மை. கதர் கட்சியினருக்கு ஜெர்மனி உதவியதும் உண்மை. ஆனால் 1915 மார்ச்சில் வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம், குற்றத்தை மெய்ப்பிக்கும் கடமையிலிருந்தே அரசை விடுவித்தது. ஐயம் ஒன்றே போதும். விசாரணையின்றி ஒருவரை ஓரிடத்தில் அடைத்து வைக்கலாம். தனி மன்றங்கள் அளிக்கும் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை!

பகைநாட்டாரைக் காட்டி வந்த சட்டம் யாரைப் பிடித்தது? துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தபின் ஐயத்தின் கண் முஸ்லிம்கள் மீது திரும்பியது. 'காம்ரேட்' ஏட்டின் ஆசிரியர் மௌலானா முகம்மது அலியும், தமையனார் மௌலானா ஷவ்கத் அலியும் 1915 மே மாதம் காவலில் வைக்கப்பட்டனர். 1919 டிசம்பரில்தான் விடுதலை பெற்றனர். மௌலானா ஆசாத் 1916இல் வங்காளத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, 1919இன் இறுதிவரை ராஞ்சியில் காவலில் இருந்தார்.

அடுத்து 1917 ஜூனில் அன்னிபெசன்ட் அம்மையார், அருண்டேல், வாடியா ஆகிய மூவரும் உதகையில் காவலில் வைக்கப்பட்டனர். அம்மையார் ஜெர்மானியரும் அல்லர்; துருக்கியரும் அல்லர். தன்னாட்சி கேட்டதே அவர் செய்த குற்றம்! நாடெங்கும் கிளர்ச்சி எழவே, செப்டம்பரில் அரசு பணிந்தது. அம்மையாருக்காகக் குரல் எழுப்பிய முன்னாள் நீதிபதி சுப்பிரமணிய ஐயர், தமக்கு அளிக்கப்பட்ட பட்டங்களை 1918இல் துறந்தார்.

போர் ஓய்ந்தது, அதிகாரத்தை விட மட்டும் அரசுக்கு மனம் வரவில்லை. அதன் விளைவே 1919 மார்ச்சில் வந்த ரௌலட் சட்டம். அதை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியின் நடுவே, ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக் மண் குருதியில் நனைந்தது.

இவை அந்நியர் ஆட்சியின் கொடுமைகள் என்று சொல்லி நாம் தப்பிவிட முடியாது. 1962இல் சீனப் போரின்போது, தலைமுறைகளாக அசாமிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறக்குறைய 3,000 பேரை, குழந்தைகள் உள்பட, ராஜஸ்தானின் தேவலி முகாமில் அடைத்தது நமது சுதந்திர இந்தியாதான். அவர்களுக்காக அன்று குரல் கொடுத்தவர் எத்தனை பேர்?

சந்தேகத்தின் சுமை எத்தகையது என்பதை அலி சகோதரர்களின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது. அதை அறிந்த நாம், அச்சுமை அயலாரின் தோளில் ஏற்றப்படும் நாளிலும் வாய்மூடி இருத்தல் தகாது. பாதிரியாரின் வீட்டுக் கதவைத் தட்டிய அதே அச்சம், ஓராண்டுக்குள் மௌலானாவின் வீட்டுக் கதவையும் தட்டியது. எம்டன் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.