நிலையாமையும் பொறுப்பும்: பாலாற்றுத் தோல் வட்டாரத்தில் பௌத்தத் துக்கக் கோட்பாடு

பௌத்தத் தியானம் பற்றி அண்மையில் தமிழில் வரும் நூல்களும் உரைகளும் பெரும்பாலும் ஓர் அறிவுரையில் வந்து நிற்கின்றன. எல்லாம் மாறும், மாறுவதைப் பற்றிக்கொள்வதால் துயரம் வருகிறது, மூச்சைக் கவனித்திரு, அதுவும் கடந்து போகும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டி அமைந்த தோல் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் இந்த அறிவுரையின் குறை தெரிகிறது. கிணற்று நீர் உவர்த்துப் போனதும் மாற்றம்தான், நெல் விளைந்த நிலம் தரிசானதும் மாற்றம்தான். இரண்டையும் நிலையாமையின் கணக்கில் எழுதிவிட்டால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லாமல் போகும். பௌத்தம் அப்படி எழுதச் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். நிலையாமை அதன் தொடக்க அவதானிப்பு மட்டுமே. விளக்கம் சார்பில் இருக்கிறது. இன்னது இருப்பதால் இன்னது தோன்றுகிறது, இன்னது நீங்கினால் இன்னது நீங்கும் என்று காணும் வரை துக்கத்தை அறிந்ததாகாது.

இதற்கான சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மணிமேகலைக் காப்பியம் முடிவது பாலாற்றுப் படுகையில் உள்ள காஞ்சியில். அங்கேதான் பௌத்தத் துறவி அறவண அடிகள் பன்னிரு சார்புகளையும் மணிமேகலைக்கு விரித்துரைக்கிறார். ஆனால் துக்கம் குறித்து அந்நூலின் கூர்மையான பகுதி அதற்கு முன்பே, சிறைவிடு காதையில் வந்துவிடுகிறது. மகன் உதயகுமரனை இழந்த அரசி மணிமேகலையைச் சிறையிட்டுப் பலவாறு துன்புறுத்துகிறாள். எதுவும் பலிக்காத நிலையில் அவளிடம் மணிமேகலை கேட்பது: நீ உடலுக்காக அழுகிறாயா, உயிருக்காகவா? உடலுக்கென்றால் அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பியது யார்? உயிருக்கென்றால் அது சென்ற இடம் நமக்குத் தெரியாதே. அவ்வுயிர்மீது அன்பு உண்மையென்றால் எல்லா உயிர்மீதும் அது செல்ல வேண்டும். மேலோட்டமாகப் படித்தால் இது இரக்கமற்ற தர்க்கம்போல் ஒலிக்கும். ஆனால் அழாதே என்று மணிமேகலை சொல்லவில்லை. துயரம் எதைப் பற்றி நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறாள். பார்த்தபின் அந்த அன்புக்குப் போக ஓர் இடத்தையும் காட்டுகிறாள். பின்னாளில் மழை பொய்த்த காஞ்சிக்கு அவள் அள்ளக் குறையாத அமுதசுரபியோடு செல்வதையும் இதன் தொடர்ச்சியாகவே வாசிக்க வேண்டும்.

இந்த முறையைப் பாலாற்றில் பொருத்தினால் என்ன கிடைக்கும்? தோல் பதனிடல் அங்கே புதிதல்ல. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளின் காலம் நெடியது. 1970களில் நடுவண் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணிக்காக எடுத்த முடிவு அது. அதையொட்டிக் குரோம் பதனிடல் பரவியது, கழிவு ஆற்றில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று அளித்த தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததைப் பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அத்தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. கொள்கை, சந்தை, ரசாயனம், ஆறு, கிணறு, வயிறு என்று ஒவ்வொன்றும் முந்தையதைச் சார்ந்து தோன்றியிருக்கிறது. நீதிமன்றம் பௌத்தம் பேசவில்லை என்றாலும், துக்கத்தின் தோற்றத்தை அது தேடிய முறை அறவண அடிகளுக்கு அந்நியமாகப் பட்டிருக்காது.

வலுவான மறுப்பு மணிமேகலைக் காப்பியத்திலிருந்தே எழுகிறது. உதயகுமரன் வெட்டுண்டதற்கு மணிமேகலை தரும் காரணம் முற்பிறப்பு வினை: இராகுலனாக இருந்தபோது ஒரு மடைத்தொழிலாளனைக் கொன்றவன் அவன். காரணம் தேடுவது இப்படி முடிந்தால், தரிசு நிலத்துக்காரனும் தன் பழவினையை நொந்துகொள்ள வேண்டியதுதானே? மறுக்க முடியாத ஆபத்து இது. காப்பியத்தின் ஒரு பக்கம் அங்கே சாய்ந்திருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் பௌத்த மரபு முழுவதும் அப்படிச் சாயவில்லை. சங்யுத்த நிகாயத்தின் சீவக சூத்திரத்தில், அனுபவிக்கும் யாவும் முன்வினைப் பயன் என்போரைப் புத்தர் மறுக்கிறார். பித்தம், கபம், வாதம், அவை கூடுதல், பருவ மாற்றம், கவனமின்மை, தாக்குதல் ஆகியவற்றை எண்ணியபின்தான் வினை எட்டாவதாக வருகிறது. அம்பேத்கர் இன்னும் தொலைவு போனார். 1957இல் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் நூலில், முதுமை, நோய், சாவு கண்டு சித்தார்த்தர் துறந்தார் என்ற கதையை ஒதுக்கிவிட்டு, ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் மோதியதைத் துறவின் காரணமாக வைக்கிறார். அவர் வரலாற்றை வளைக்கிறார் என்போர் உண்டு. ஆனால் அந்த ஆற்றுத் தகராறு பாலி உரைநூல்களிலேயே இருக்கிறது. அதைத் துறவுக்குக் காரணமாக்கியதுதான் அவருடைய புதுமை. ஆற்றை இழந்த வட்டாரத்துக்கு இரண்டில் எந்தக் கதை பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

துக்கத்தில் இருப்பவருக்குத் தேவை ஆறுதல், விசாரணை அல்ல என்பது இன்னொரு மறுப்பு. 31.1.2015 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர் நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். அவர்களை இழந்த தாய்மாருக்குக் கிசா கோதமியின் கடுகுக் கதை, பிள்ளையை இழந்தவளைச் சாவு நிகழாத வீட்டில் கடுகு வாங்கிவரப் புத்தர் அனுப்பிய கதை, எவ்வளவு தூரம் உதவும்? சாவு இல்லாத வீடில்லை என்று அது உணர்த்தும். அந்த உணர்வு உண்மையானது, தனிமையைக் குறைப்பது. ஆனால் எல்லா வீட்டிலும் நிகழ்வது சாவுதானே ஒழிய, கசடில் மூழ்கும் சாவு அல்ல. முதலாவதைத் தாங்கக் கற்பதும் இரண்டாவதற்குக் காரணம் கேட்பதும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. கவனப் பயிற்சியை விளக்கும் சதிபட்டான சூத்திரமே அகத்தில் கவனி, புறத்தில் கவனி, இரண்டிலும் கவனி என்று மும்முறை சொல்கிறது. இன்றைய பயிற்சி வகுப்புகள் முதலாவதோடு நின்றுவிடுவது வசதிக்காகத்தான்.

இஸ்லாமிய வணிகர்களும் தலித் தொழிலாளர்களும் வளர்த்த தொழிலின் நிலத்தில் பௌத்தத்தை வெளியிலிருந்து திணிப்பதாகவும் சொல்லப்படலாம். ஆனால் 1898இல் அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் இந்தத் தோல் வட்டாரம் அடங்கிய வட ஆர்க்காட்டிலிருந்து போன குடும்பங்கள் ஏராளம். வெளியிலிருந்து வந்தது என்று பௌத்தத்தைச் சொல்ல முடியாது.

மிகக் கடினமான மறுப்பு வேறு. காரணம் தேடுவது குற்றவாளியைத் தேடுவதாகி, வெறுப்பில் முடியாதா? ஆலையை மூடினால் அதில் கூலி வாங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது புதிய துக்கம். ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் தைக்கும் பெண்கள் அந்தக் காரணத் தொடரின் கடைசிக் கண்ணிகளில் இருக்கிறார்கள். அந்த ஷூவை அணியும் ஐரோப்பியரும் அதில் இருக்கிறார். சார்புக் கோட்பாடு ஒற்றைக் கர்த்தாவை ஏற்காது. அதனால் பொறுப்பு கரைந்துவிடுவதும் இல்லை, ஒவ்வொரு கண்ணியிலும் அவரவர் அளவுக்குத் தங்குகிறது. உச்ச நீதிமன்றம் 30.1.2025 அன்று அளித்த தீர்ப்பில், பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கச் சொன்னதும், மேற்பார்வைக் குழு அமைக்கச் சொன்னதும் இந்தப் பங்கீட்டின் ஒரு வடிவம்தான். 1996 தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கும் மேல். கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறை வந்தபின், நீரிலிருந்து பிரிந்த உப்பை எங்கே கொட்டுவது என்பது தனிச் சிக்கலாகியிருக்கிறது. ஒரு கண்ணியை அறுத்த இடத்தில் அடுத்தது தோன்றியிருக்கிறது. அதன் சார்பு என்ன என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும்.