பூநாரை (பழவேற்காடு)

பழவேற்காடு ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளில் நிறத்தால் முதலில் கண்ணில் படுவது பூநாரை. நின்றால் நான்கரை அடி வரை உயரம். உடல் வெளிறிய ரோஜா நிறம். சிறகின் செம்மையும் ஓரத்துக் கருமையும் பறக்கும்போதுதான் முழுதாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வந்து, பெரும்பாலும் பங்குனி வரை தங்கும். சாம்பல் நிறம் மாறாத இளம் பறவைகள் சில கோடையிலும் ஏரியிலேயே இருந்துவிடுவதுண்டு.

இப்பறவைக்கு 1811இல் அறிவியல் பெயர் சூட்டியவர் பல்லாஸ். ஏரிக்கு வடக்கே நெல்லூரில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளிவந்த தம் இந்தியப் பறவை நூலில் இதைச் சேர்த்தார். கட்ச் பாலைவனத்துச் சேற்றில் கூடு கட்டும் பெருங்கூட்டத்தை 1945இல் நேரில் கண்ட சாலிம் அலி, சுமார் 5 லட்சம் பறவைகள் இருக்கலாம் என மதிப்பிட்டார். பழவேற்காட்டுப் பறவைகளும் அங்கிருந்தே வருகின்றன என்பது பரவலான கருத்து; எல்லாமே அப்படித்தானா என்பதில் ஒருமித்த முடிவில்லை. நாரைக்கு உறவா, வாத்துக்கு உறவா என்ற பழைய வழக்கில், மரபணு ஆய்வுகள் முக்குளிப்பானைக் கைகாட்டுகின்றன.

மிக விரிவாக ஆராயப்பட்டது இதன் இரை தேடும் முறை. பெனிலோப் ஜென்கினின் 1957ஆம் ஆண்டு ஆய்வு இதில் முக்கியமானது. பூநாரை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி நீரில் வைக்கிறது. தடித்த நாக்கு முன்னும் பின்னும் அசைந்து சேற்றுநீரை இழுத்து வெளியேற்ற, அலகின் ஓரத்துத் தகடுகள் வடிகட்டியாகின்றன. நீர் போய்விடும், நுண்ணிய கூனிகளும் புழுக்களும் உள்ளே தங்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அலகு நேராகவே இருக்கும், பின்னர்தான் வளையும். அதுவரை தாயும் தந்தையும் தொண்டையில் சுரக்கும் செந்நிறப் பாலை ஊட்டுகின்றன. நிறத்துக்கு வந்தால், கிளி தன் சிவப்பையும் மஞ்சளையும் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. பூநாரைக்கோ நிறம் இரையிலிருந்து வருவது. உவர்நீரில் கூனியும் பாசியும் உள்ளவரைதான் அந்தச் சிவப்பு.

அந்த உவர்நீருக்கு வழி முகத்துவாரம். மடவைக் குஞ்சும் இறாலும் கடலிலிருந்து ஏரிக்குள் ஏறுவது அதன் வழியேதான். எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று பாடு முறையில் பகிர்ந்துகொள்ளும் மீனவர்களின் பிழைப்பும் அதை நம்பியே இருக்கிறது. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்தால் மீன்பாடும் குறையும், பறவையின் மேய்ச்சலும் கெடும்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. அங்கு 1976இலும் தமிழகப் பகுதியில் 1980இலும் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. முகத்துவாரத்தைத் திறந்துவைக்கத் தூண்டில் வளைவுப் பணிகள் அண்மையில் மேற்கொள்ளப்பட்டன. உலக அளவில் இந்தப் பெரிய பூநாரைக்கு இப்போது அழிவு அச்சம் குறைவு. சிறிய பூநாரை என்ற இன்னோர் இனம் அச்சுறுத்தலை நெருங்கிய பட்டியலில் உள்ளது.