சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நாட்டு நலப்பணித் திட்டம்

நாட்டு நலப்பணித் திட்டம் என்பது கல்லூரி, மேல்நிலைப் பள்ளி மாணவர்களைச் சமூகப் பணியில் ஈடுபடுத்தும் இந்திய அரசின் திட்டமாகும். இது நடுவண் அரசின் இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் அன்றைய கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் இதனைத் தொடங்கி வைத்தார். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகளில் இது பெரும்பாலும் பெரியார் பல்கலைக்கழகத்தின் வழியாகவும், பொறியியல் கல்லூரிகளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வழியாகவும் நடைபெறுகிறது.

கட்டாயமா, விருப்பமா

மாணவர் தொண்டு கட்டாயமாக இருக்க வேண்டுமா என்பதே இத்திட்டம் உருவாவதற்கு முன்னர் இருபது ஆண்டுகள் நீடித்த விவாதம் ஆகும். எஸ். இராதாகிருட்டிணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் விருப்ப அடிப்படையிலான தொண்டினையே பரிந்துரைத்தது. 1959இல் அமைக்கப்பட்ட சி. டி. தேஷ்முக் குழு இதற்கு மாறாக, பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர விரும்புவோர் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயப் பணி செய்ய வேண்டும் என்றது. அத்தனை இளைஞர்களுக்கும் உணவும் உறைவிடமும் அளிக்கும் செலவு பெரிது என்பதால் அது நடைமுறைக்கு வரவில்லை. பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே. ஜி. சையிதைன், தொண்டு விருப்பத்தின் பேரில் இருப்பதே நல்லது என்று அறிக்கை அளித்தார். டி. எஸ். கோத்தாரி தலைமையிலான கல்வி ஆணையம் (1964–66) கல்வியின் எல்லா நிலைகளிலும் சமூகப் பணி இடம்பெற வேண்டும் என்றது.

சீனப் போருக்குப் பின்னர் 1963இல் கல்லூரிகளில் தேசிய மாணவர் படை கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 1968இல் அது விருப்பத்திற்கு விடப்பட்டதும் மாற்று ஒன்று தேவைப்பட்டது. நாட்டு நலப்பணித் திட்டம் அந்த இடத்திற்கே வந்தது.

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் இவ்விவாதம் வேறு வடிவில் தொடர்கிறது எனலாம். இளநிலைப் பாடத்திட்டத்தின் ஐந்தாம் பகுதியாக விரிவாக்கப் பணி வைக்கப்பட்டு, அதற்கு மதிப்பீட்டுப் புள்ளியும் வழங்கப்படுகிறது. பட்டம் பெறுவதற்கு வேண்டிய புள்ளிக்காகச் செய்யும் பணியைத் தொண்டு என்று அழைக்கலாமா என்பது கேட்கத்தக்க கேள்வியே.

அமைப்பும் பணி நேரமும்

சேலம் மாவட்டக் கல்லூரிகள் முன்னர் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் சேலத்தில் நிறுவப்பட்டது. நாமக்கல் தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான். பல்கலைக்கழகத்தில் ஒரு திட்ட ஒருங்கிணைப்பாளரும், கல்லூரியில் ஓர் அலகிற்கு ஒரு திட்ட அலுவலரும் இருப்பர். ஓர் அலகில் 100 மாணவர்கள் வரை சேரலாம். திட்ட அலுவலர் என்பவர் தம் வகுப்புகளுடன் இப்பொறுப்பையும் கூடுதலாகச் சுமக்கும் ஆசிரியர் ஆவார்.

தன்னார்வலர் ஒவ்வொருவரும் ஆண்டிற்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஆண்டுப் பணியில் 20 மணி நேரம் பயிற்சிக்கு உரியது. கல்லூரி வளாகப் பணி 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எஞ்சியது தத்தெடுத்த ஊரிலோ குடிசைப் பகுதியிலோ செய்யப்பட வேண்டும். விழாக்களில் நாற்காலி போடவும் விருந்தினரை வரவேற்கவும் தன்னார்வலர்களைப் பயன்படுத்தும் வழக்கத்திற்கு இந்த வரம்பு ஒரு தடையாகும், அது பின்பற்றப்படும் இடங்களில்.

சிறப்பு முகாம்

அலகின் மாணவர்களுள் பாதிப்பேர் ஆண்டுதோறும் ஒரு சிற்றூரில் ஏழு நாட்கள் தங்கிப் பணிபுரிவர். முற்காலத்தில் இது பத்து நாட்களாக இருந்தது. ஏரி, குளங்களின் கரைகளில் சீமைக்கருவேல மரங்களை அகற்றுதல், பார்த்தீனியக் களையை ஒழித்தல், மரக்கன்று நடுதல், பள்ளிக்கு வெள்ளையடித்தல், கண் பரிசோதனை, கால்நடை மருத்துவ முகாம் ஆகியன வழக்கமான பணிகள். இப்பகுதியின் ஊர்களில் கால்நடை மருத்துவ முகாமிற்கு நல்ல வரவேற்பு உண்டு. கறவை மாடும் ஆடும் கோழியும் பல குடும்பங்களின் வருவாய்க்கு ஆதாரமாக இருப்பதே இதற்குக் காரணம்.

நீண்ட காலம் முகாமிற்கு ஒரு மாணவருக்கு 450 ரூபாயும், ஆண்டு முழுவதற்குமான வழக்கமான பணிகளுக்கு 250 ரூபாயும் ஒதுக்கப்பட்டன. அதாவது முகாமில் ஒருவரின் உணவு, பயணம், கருவிகள் அனைத்திற்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 64 ரூபாய். அரிசி, காய்கறி, விறகு ஆகியவற்றை ஊர் மக்கள் தந்து உதவுவதாலும், பள்ளிக் கட்டிடமோ சமுதாயக் கூடமோ வாடகையின்றிக் கிடைப்பதாலுமே பல முகாம்கள் நிறைவேறின. செலவை நடுவண் அரசும் மாநில அரசும் 7:5 என்ற விகிதத்தில் பகிர்ந்து வந்தன. 2016 ஏப்ரல் முதல் முழுச் செலவும் நடுவண் அரசினுடையது. அரசு நிதி பெறாத சுயநிதி அலகுகளும் உள்ளன. திருச்செங்கோடு, இராசிபுரம் போன்ற தனியார் கல்லூரிகள் மிகுந்த பகுதிகளுக்கு இவ்வகை பொருந்துவதாகும்.

எய்ட்சு விழிப்புணர்வும் குருதிக்கொடையும்

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சுமையுந்துத் தொழிலின் மையமான நாமக்கல் பின்னர் நாட்டிலேயே தொற்று மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. நெடுந்தொலைவு சென்று வாரக்கணக்கில் வீடு திரும்பாத ஓட்டுநர்களிடமிருந்து நோய் அவர்களின் மனைவியரையும் பிறக்கும் குழந்தைகளையும் அடைந்தது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில எய்ட்சு கட்டுப்பாட்டுச் சங்கம், நாட்டில் இவ்வகையில் அமைந்த முதல் மாநிலச் சங்கமாகும். அதன் ஆதரவில் கல்லூரிகளில் இயங்கும் செஞ்சுருள் சங்கங்கள் நாட்டு நலப்பணித் திட்ட அலகுகளுடன் இணைந்து செயற்படுகின்றன. பெற்றோரிடமும் வகுப்பிலும் பேசத் தயங்கும் செய்தியை ஒத்த வயதினர் பேசுவது எளிது என்பது இம்முறையின் அடிப்படை.

உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் பணத்திற்குக் குருதி விற்கும் முறை 1998 முதல் தடை செய்யப்பட்டது. அதன் பின்னர் அரசு மருத்துவமனைக் குருதி வங்கிகள் கல்லூரி முகாம்களைப் பெரிதும் நம்பியுள்ளன. பதினெட்டு வயது நிறைந்து, குறைந்தது 45 கிலோ எடையுள்ள நலமான மாணவர் எவரும் கொடை அளிக்கலாம். சேலத்தையும் நாமக்கல்லையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் விபத்துகள் ஆண்டு முழுவதும் நேர்கின்றன. கல்லூரிகளோ ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறையில் இருக்கும். குருதி இருப்பு குறைவதும் அம்மாதங்களில்தான்.