எண்ணூர் அனல்மின் நிலையமும் மக்கள் நலமும்

எண்ணூர் அனல்மின் நிலையம், வடசென்னையில் மாத்தூருக்கு வடகிழக்கே, கடலோரத்தில் இயங்கிய நிலக்கரி மின் நிலையமாகும். 1970 முதல் 1975 வரை ஐந்து அலகுகள் தொடங்கப்பட்டன. மொத்த நிறுவுதிறன் 450 மெகாவாட். 2017 மார்ச் 31 அன்று இது மூடப்பட்டது.

நிலக்கரி எரியும்போது வெளியாகும் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று ஆஸ்துமா, இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழிவகுக்கின்றன.

சீனாவின் தோங்லியாங்கில் 2004-இல் நிலக்கரி மின் நிலையம் ஒன்று மூடப்பட்டது. அதன்பின் கருவுற்றுப் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் புகை மாசின் தடயம் குறைந்திருந்ததையும், அவர்களின் வளர்ச்சி மேம்பட்டிருந்ததையும் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

எண்ணூரின் நிலை வேறு. பழைய நிலையம் மூடப்பட்டாலும், அருகிலுள்ள வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியிலேயே இயங்குகின்றன. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்துள்ளது. தோங்லியாங் குழந்தைகள் பெற்ற நன்மை இங்குள்ள குழந்தைகளுக்கு இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை.