பூனை இந்தக் கேஸ்ல எப்படி மாட்டுச்சு?

வீட்ல யாராவது கர்ப்பமா இருக்காங்கன்னு தெரிஞ்சதும் சொந்தக்காரங்க சொல்ற முதல் அட்வைஸ்ல ஒண்ணு: "அந்தப் பூனையை எங்கயாவது விட்டுட்டு வந்துடுங்க." காரணம் டாக்சோபிளாஸ்மோசிஸ். பயம் நியாயமானதுதான். ஆனா அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சு அறுபது வருஷம் கழிச்சுதான் பூனையோட பங்கு என்னன்னே தெளிவாச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

1908, துனிஸ் நகரத்துல இருந்த பாஸ்டர் ஆய்வகம். சார்ல் நிக்கோல், லூயி மான்சோ ரெண்டு பேரும் வேற ஒரு நோயைத் தேடி, குண்டிங்கிற ஒரு சின்ன கொறிவிலங்கை ஆராய்ஞ்சுட்டு இருந்தாங்க. (ஆமா, பேரே அதுதான். சிரிச்சுட்டு வாங்க.) அதோட உடம்புல வில் மாதிரி வளைஞ்ச ஒரு ஒட்டுண்ணி இருந்துச்சு. கிரேக்கத்துல 'டாக்சோன்'னா வில். அப்படி வந்த பேர்தான் டாக்சோபிளாஸ்மா கோண்டி.

1939ல நியூயார்க் டாக்டர்கள், தாயோட வயித்துல இருக்கும்போதே இந்தத் தொற்று தாக்கின ஒரு குழந்தையைப் பத்தி எழுதினாங்க. அப்போ தாய்க்கு எங்கிருந்து வந்துச்சு?

இறைச்சி மேல சந்தேகம் விழுந்துச்சு. பாரிஸ்ல ஒரு சானடோரியத்துல இருந்த குழந்தைகளை வச்சு நடந்த ஆய்வு 1965ல வெளியாச்சு. அங்க புதுசா தொற்று வர்ற விகிதம் வருஷத்துக்கு 10%. அரைவேக்காட்டு மாட்டிறைச்சியோ குதிரை இறைச்சியோ தினமும் சேர்த்தப்போ அது 50% ஆச்சு. சரியா வேகாத ஆட்டிறைச்சியும் சேர்ந்ததும் 100%. இன்னைக்கு இப்படி ஒரு ஆய்வுக்கு எந்தக் கமிட்டியும் கையெழுத்து போடாது, போடவும் கூடாது.

சரி, கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சா, இல்ல. 1959லயே பம்பாய்ல ஒரு ஆய்வு நடந்திருந்துச்சு. சுத்த சைவம் சாப்பிடுறவங்கள்லயும் அசைவம் சாப்பிடுறவங்க அளவுக்கே தொற்று இருந்துச்சு. ஆடு மாடு கூடத்தான் இறைச்சி சாப்பிடுறதில்ல, அதுங்களுக்கும் வருது. அப்போ இன்னொரு வழி இருந்தே ஆகணும்.

அந்த வழியை கிளாஸ்கோல வில்லியம் ஹட்சிசன் பிடிச்சார். தொற்று கொடுத்த பூனையோட மலத்தை ஒரு வருஷம் தண்ணில வச்சிருந்து எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்குத் தொற்று வந்துச்சு! ஆனா காரணம்னு அவர் நினைச்சது பூனையோட குடல்ல இருக்கிற உருளைப்புழுவை. அந்தப் புழு முட்டைக்குள்ள ஒளிஞ்சுதான் கிருமி வெளிய வருதுன்னு ஒரு தியரி. அழகான தியரி, ஆனா தப்பு. 1969ல அமெரிக்காவோட கேன்சஸ்ல ஃப்ரெங்கலும், இந்தியாவுல பிறந்த கால்நடை மருத்துவர் துபேயும் இருந்த குழு, அந்தப் புழு முட்டைகளைத் தனியா பிரிச்சாங்க. அப்பவும் தொற்று பரவுச்சு. நம்ம பாஷைல சொன்னா, சந்தேகப்பட்ட மாட்யூலைக் கழட்டின பிறகும் பக் அப்படியே இருக்கு. 1970 வாக்குல உண்மையான குற்றவாளி மைக்ரோஸ்கோப்ல சிக்குச்சு: ஊசைட், ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அளவு. பூனைக் குடும்பத்தோட குடல்ல மட்டும்தான் அது உருவாகுது. பூனையே இல்லாத சில பசிபிக் தீவுகள்ல தொற்று ஏறக்குறைய இல்லாததும் இதோட பொருந்திப் போச்சு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். பூனை இதை வாழ்நாள் முழுக்க வெளியேத்திட்டே இருக்காது. எலி, பறவை, பச்சை இறைச்சி மூலமா முதல் தடவை தொற்று வந்தப்போ, பொதுவா ஒண்ணு ரெண்டு வாரம்தான். அப்போ கோடிக்கணக்குல வரும்ங்கிறதும் நிஜம். ஆனா வெளிய வந்த உடனே அது தொத்தாது. வீரியம் பெற ஒண்ணுல இருந்து அஞ்சு நாள் ஆகும். அதனால லிட்டர் பாக்ஸை தினமும் சுத்தம் பண்ணினாலே பெரும்பாலான ஆபத்து போயிடும். வெளிய போகாம, டப்பா உணவு மட்டும் சாப்பிடுற பூனைக்குத் தொற்று வர்ற வாய்ப்பே குறைவு. வேட்டையாடுற தெருப்பூனை, பச்சை இறைச்சி சாப்பிடுற குட்டி, இதுங்ககிட்டதான் கவனம் வேணும்.

கருவுக்குப் பெரிய ஆபத்து, தாய்க்கு கர்ப்ப காலத்துல முதல் தடவையா தொற்று வந்தா. ஏற்கெனவே வந்து போயிருக்கான்னு ரத்தப் பரிசோதனைல பார்க்கலாம், டாக்டர்கிட்ட கேளுங்க. இறைச்சியை நல்லா வேக வைங்க, காய்கறியைக் கழுவுங்க, தோட்ட மண்ணைத் தொட கையுறை போடுங்க. புதுசா தெருக்குட்டி எதையும் இப்போதைக்கு வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. லிட்டர் பாக்ஸ் டியூட்டி, பிரசவம் வரைக்கும் புருஷனுக்கு.